மானின் இரத்தத்தில் மரபு தேடுவோர்

கலேவெலப் பகுதியில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் வசதி படைத்த வர்த்தகரும் கூடியிருந்து பழங்கதை பேசும் வேளைகளில் ஒரு கதை தவறாமல் வந்து சேரும். "அந்தக் காலத்தில் நாங்கள் குடும்பமாகவே காட்டுக்குப் போவோம். அப்பா துவக்குடன் முன்னே நடப்பார். சித்தப்பாமார் விளக்குப் பிடிப்பார்கள். விடிவதற்குள் ஒரு மானோ மரையோ கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அம்மா பங்கு பிரித்து அயலுக்கெல்லாம் அனுப்புவா. இன்றைய பிள்ளைகளுக்குக் காடும் தெரியாது, உறவும் தெரியாது. எல்லாவற்றையும் சட்டம் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்!" கேட்டிருக்கும் இளைஞர், தாம் வாழாத அந்த வாழ்வை நினைத்துப் பெருமூச்சு விடுகின்றனர்.

அந்தப் பெருமூச்சை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. தந்தையின் பின்னால் நடந்த காட்டுப் பாதையை எவராலும் மறக்க இயலாது. ஆனால், நினைவு இனியது என்பதனால் மட்டும் ஒரு செயல் நியாயமாகிவிடுமா? "வேட்டை எமது மரபு" என்று ஒருவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும்போது, எந்த வேட்டை, யாருடைய மரபு என்று கேட்காமல் தலையசைப்பது கற்றோர்க்கு அழகாகுமா?

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். இலங்கையின் வறண்ட வலயத்து மக்கள் மானிறைச்சி உண்டுதான் வாழ்ந்தனர். காட்டை வெட்டிச் சேனை செய்த விவசாயி, குரக்கன் கதிரைத் தின்ன வந்த விலங்கைக் கொன்றான்; கொன்றதைத் தின்றான். வேடர்கள் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் சேமித்து வைத்த முறையை, 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் ரொபட் நொக்ஸ் எழுதி வைத்துள்ளார். அது வயிற்றுப்பாட்டு வேட்டை. அதற்கு அளவு இருந்தது. தேவை முடிந்ததும் வில் மூலையில் சாத்தப்பட்டது. கொல்வதே இன்பம் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமிருக்கவில்லை.

அந்த எண்ணத்தை இந்நாட்டில் கௌரவத்திற்குரியதாக ஆக்கியவர்கள் யார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் ஆங்கில முடிக்குரியவை என்று அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவனிடம் காகிதம் கேட்கப்பட்டது. காகிதம் இல்லாதவன் சொந்தக் காட்டில் அத்துமீறியவன் ஆனான். அக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. மன்னாரில் கரையேறி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர், இந்தக் காட்டுப் பாதையின் ஓரங்களிலே வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்து விழுந்தனர். அதே காலத்தில்தான் வெள்ளைத் துரைமார் இதே தீவின் காடுகளில் 'விளையாட்டு' நடத்திக்கொண்டிருந்தனர். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றதாகப் பெருமையுடன் பேசப்பட்டார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்ற களிப்பை 1854இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். வேட்டை ஒரு பொழுதுபோக்கு, அது ஆண்மையின் அடையாளம், தந்தை மகனுக்குக் கையளிக்க வேண்டிய கனவான் கலை என்ற பாடத்தை இத்துரைமாரே இங்கு கற்பித்தனர். இன்று 'எமது மரபு' என்று சிலர் போற்றுவது, பெரும்பாலும் துரை கழற்றிப் போட்ட பழைய சப்பாத்து!

ஏழையின் துவக்குக்கு என்ன நேர்ந்தது? மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோர் மறக்கக் கூடாத வரலாறு அது. 1848இல் டொரிங்டன் தேசாதிபதியின் அரசாங்கம் துவக்குக்கு வரி விதித்தது. நாய்க்கு வரி விதித்தது. வண்டிக்கும் கடைக்கும் படகுக்கும் வரி விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்றது. சேனைக்காரனுக்குத் துவக்கும் நாயும் ஆடம்பரமா? இரவுக் காவலுக்கு அவனிடம் வேறு என்ன இருந்தது? அந்த ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கலகம் மாத்தளையில் வெடித்தது. ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். துரையின் துவக்கு விளையாட்டுக் கருவி. குடியானவனின் துவக்கு வரிக்குரிய குற்றப் பொருள். இதுவே அந்த ஆட்சியின் வேட்டை நீதி.

பின்னர் விலங்குகள் அருகத் தொடங்கின. அப்போது, சுட்டுத் தீர்த்தவர்களே பாதுகாவலராக வேடமிட்டு முன்வந்தனர். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து அமைத்தனர். யாலவில் 'உள்நாட்டு வேட்டையாளர்' என்போருக்கென்றே ஒரு காடு ஒதுக்கப்பட்டது. யாருக்காகப் பாதுகாத்தனர்? தாம் மீண்டும் சுடுவதற்காக! ஆயினும், அவர்களது நோக்கம் சிறியது என்பதற்காகப் பாதுகாப்பே வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949இல் அமைக்கப்பட்ட வனசீவராசிகள் திணைக்களமும் இல்லாதிருந்தால், இன்று நாம் புள்ளிமானைப் படத்தில்தான் பார்த்திருப்போம்.

மான், வர்க்கப் போராட்டத்தின் சாட்சியாக நின்றது இலங்கையில் மட்டுமன்று. இங்கிலாந்தில் 1723ஆம் ஆண்டுச் சட்டமொன்று, முகத்தில் கரி பூசிக்கொண்டு பிரபுக்களின் மானைத் திருடியவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில் குடிமக்கள் விரட்டப்பட்டு ஆட்டு மேய்ச்சல் நிலங்கள் உருவானதையும், அவை பின்னர் பிரபுக்களின் மான் காடுகளாக மாறியதையும் 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் விவரிக்கிறார். அதே மார்க்ஸ் இளம் பத்திரிகையாளராக இருந்தபோது, 1842இல், காட்டில் சுள்ளி பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கிய சட்டத்தை எதிர்த்து எழுதினார். மனிதனை வெளியேற்றி மானுக்கு இடம் கொடுத்தவன் மானை நேசித்தவன் அல்லன். அதைச் சுடும் உரிமையைத் தனக்கு மட்டுமே வைத்துக்கொண்டவன்.

இன்றைய நிலைக்கு வருவோம். மானையும் மரையையும் வேட்டையாடுவது இன்று குற்றம். இறைச்சியை விற்பதும் குற்றம். ஆனால் விருந்துகளில் மானிறைச்சி வற்றல் வருவது நின்றுவிட்டதா? நகரத்திலிருந்து வாகனத்தில் வரும் கனவான் தன் கையால் சுருக்கு வைப்பதில்லை. அதற்கு ஒரு ஏழைக் கிராமத்தவன் இருக்கிறான். பணம் ஒருவனுடையது, பயம் மற்றவனுடையது. பிடிபட்டால் நீதிமன்றப் படியேறுபவன் இறைச்சியைச் சுமந்தவனே. சுவைத்தவனை எவரும் தேடுவதில்லை. பின்னர் அதே கனவான், தன் மக்களை மடியில் இருத்தி, "இது எங்கள் பாரம்பரியம்" என்று கதை சொல்கிறான். சந்தைக்கு மரபு என்ற முகமூடி எத்துணை அழகாகப் பொருந்துகிறது!

இதனால், ஏழை வைக்கும் பொறியை நாம் நியாயப்படுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. காட்டுப்பன்றிக்கென்று கட்டிய துவக்கு, விறகு பொறுக்கப் போன பக்கத்து வீட்டுக்காரனின் காலைச் சிதைக்கிறது. தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ், யானைக் கன்றின் வாயைக் கிழித்து, அதை நாட்கணக்கில் பட்டினி போட்டுக் கொல்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் மாண்டது. இவற்றில் எங்கே குடும்பப் பிணைப்பு? எங்கே மரபின் மாண்பு? ஏழையின் பொறியில் பெரும்பாலும் ஏழையே விழுகிறான்.

அவன் ஏன் பொறி வைக்கிறான் என்பதையும் கேட்டாக வேண்டும். கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளில் பெரிய வெங்காயமும் காய்கறியும் செய்யும் விவசாயி விதைக்குக் கடன் வாங்குகிறான். பசளைக்குக் கடன் வாங்குகிறான். ஒரே இரவில் பன்றியும் யானையும் அவனது போகத்தை அழித்துவிடுகின்றன. பகலில் குரங்கும் மயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிட நேரம், பயிரழிக்கும் விலங்குகளை மக்களே எண்ணும்படி அரசாங்கம் கேட்டது. எண்ணியாயிற்று. குரங்கை எண்ண ஐந்து நிமிடம் ஒதுக்கிய அரசு, குடியானவனின் நட்டத்தை எண்ண எத்தனை நிமிடம் ஒதுக்கியது?

தீர்வு இல்லாமல் இல்லை. யானை மனித மோதலைத் தணிப்பதற்கான தேசியத் திட்டமொன்றை, கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் வகுத்தது. காட்டெல்லையில் வேலி போட்டு யானையைச் சிறைவைப்பதை விட்டு, கிராமத்தையும் வயலையும் சுற்றி வேலி அமைத்து, அதைக் கிராமத்தவரே கூட்டாகப் பராமரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்ட நாட்டில், அத்தகைய திட்டம் அலமாரியில் உறங்கலாமா? வேலி வேண்டும், உரிய நட்டஈடு காலம் தாழ்த்தாமல் வேண்டும் என்று கேட்பதே விவசாயியின் உண்மையான போராட்டம். துவக்கைத் தூக்கித் தனித்தனியே காட்டுக்குள் போகச் சொல்வது அப்போராட்டத்தைச் சிதறடிப்பதாகும்.

இந்தக் கூட்டுக் காவல் எமக்குப் புதியதுமன்று. பரண் கட்டி, தீ மூட்டி, ஒருவர் குரலுக்கு ஒருவர் குரல் கொடுத்து விடிய விடியச் சேனை காத்தது இப்பகுதி மக்களின் மரபு. சங்கத் தமிழ் காட்டும் குறிஞ்சி நிலத்துப் பெண்கள், பரண்மேல் ஏறி, தட்டையும் தழலும் கொண்டு கிளி ஓட்டித் தினைப்புனம் காத்தனர். காத்தல் அங்கே தொழில். காதலும் அங்கேதான் மலர்ந்தது. இன்னொன்றையும் நினைவூட்டுவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மானைத் துரத்திக்கொண்டு மிகிந்தலைக் குன்றுக்கு வந்த தேவநம்பிய தீசன், மகிந்த தேரரைக் கண்டு நின்ற நிகழ்ச்சியைத்தான் சிங்கள மக்கள் ஆண்டுதோறும் பொசன் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். வேட்டையை நிறுத்திய கணத்தைத் திருநாளாக்கிய நாட்டில், வேட்டைதான் மரபு என்று வாதிடுவது விந்தையன்றோ?

பிள்ளைகளுக்குக் காடு தெரிய வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. அந்த முதியவர்கள் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றே. ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தேவஹுவக் குளக்கட்டில் மாலை வேளையில் நிற்கவையுங்கள். காட்டோரத்தில் மந்திகள் உதிர்க்கும் தழையைத் தின்ன மான்கள் மரத்தடியில் கூடுவதையும், சிறுத்தையைக் கண்ட மந்தியின் குரல் மானுக்கு எச்சரிக்கையாவதையும் சொல்லுங்கள். கலைமான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதுக்கொம்பு வளர்ப்பதைச் சொல்லுங்கள். குளம்புச் சுவட்டைப் பார்த்து, எது மான், எது மரை, எது பன்றி என்று சொல்லத் தெரிந்த கிழவர் ஒவ்வொரு கிராமத்திலும் இன்னும் இருக்கிறார். அவரைப் பாடசாலைக்கு அழைத்து வந்து பேசவையுங்கள். அப்பா முன்னே நடந்த பாதை, சித்தப்பா பிடித்த விளக்கு, அயலுக்கு அனுப்பிய பங்கு — இவற்றில் அன்பும் அறிவும் பகிர்வும் இருந்தன. அவையே மரபு, அவற்றைக் காப்போம். துவக்கு அவ்வீட்டுக்கு வேறோர் இடத்திலிருந்து வந்தது. அது வந்த வழியை எமது மாணவர்க்குக் கற்பிப்போம்.