மறுமுறை எழுதுபவரும் மாணவரே: பல் மருத்துவம் படிக்க விரும்புவோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும், தேசியத் தேர்வு முகமைக்கும், பல் மருத்துவக் கல்வியை நெறிப்படுத்தும் மத்திய அமைப்புக்கும், பொதுமக்களின் பார்வைக்கும்.

நாங்கள் பி.டி.எஸ். இடம் வேண்டி நீட் தேர்வை இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ எழுதத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவர்கள், எங்களைப் பெற்றவர்கள், எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் போனதால் பல் மருத்துவத்தின் பக்கம் திரும்பியவர்களும் எங்களில் உண்டு. பல் மருத்துவர் ஆவதற்காகவே தேர்வுக்கு உட்கார்ந்தவர்களும் உண்டு. "பல் டாக்டர்தானே, அதற்கா இன்னொரு வருஷம்?" என்ற கேள்வியை இரு தரப்பாரும் கேட்டுவிட்டோம். நாலாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்ட முழுமையான மருத்துவப் படிப்பு அது. அதற்காக ஓராண்டு உழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிளஸ் டூ முடித்து, பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து எங்கள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. பஸ் பாஸ் கிடையாது. விடுதி கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த தோழிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், தோழனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதே பள்ளியில் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, வீட்டிலிருந்தபடி மறுபடி தேர்வுக்குத் தயாராகிறவருக்கு அதில் இடமில்லை. ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை இது: மறுமுறை தேர்வு எழுதும் ஆண்டை ஒரு படிப்பாண்டாகவும், அதில் உழைப்பவரை மாணவராகவும் அரசு ஏற்க வேண்டும். படித்த பள்ளியிலேயே ஒரு பதிவேடு, அதன்பேரில் ஓர் அடையாள அட்டை, அட்டைக்குப் பஸ் பாஸ், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாத உதவித்தொகை. கீழே வரும் மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவையே.

நீட் தேர்வே கூடாது என்பவர்கள் எங்களில் பலர். 2006-இல் நுழைவுத் தேர்வை ஒழித்துச் சட்டம் இயற்றி, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பத்தாண்டுகள் மருத்துவ, பல் மருத்துவ இடங்களை நிரப்பிய மாநிலம் இது. 2017-இல் நீட் வந்தது. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஏற்கெனவே ஒருமுறையாவது முயன்றவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம். 2020-21-இல் அதுவே 71.42 சதவீதம். முதல் முறையிலேயே இடம் வாங்குவது விதிவிலக்காகிவிட்டது. விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021-இல் மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022-இல் மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி வந்தது. அந்தப் போராட்டம் நடக்கட்டும், நாங்களும் அதில் நிற்போம். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் யாரோ ஒரு பிள்ளை அந்தத் தேர்வுக் கூடத்துக்குள் இரண்டாம் முறையாக நுழைகிறது. தேர்வு ஒழியும்வரை அந்தப் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதற்கு அரசியல் நிலைப்பாடு காரணமாகிவிடக் கூடாது.

நாள்காட்டியில் எங்களுக்கு நேரும் அநீதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதேயில்லை. மறுமுறை எழுதுகிறவருக்கு ஓராண்டு இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேர்வு மே முதல் ஞாயிறு, முடிவு ஜூனில். அதன்பின் கலந்தாய்வு தொடங்கிச் சுற்றுச் சுற்றாக அக்டோபரைத் தாண்டியும் நீள்கிறது. பி.டி.எஸ். கேட்பவர்தான் இதில் கடைசிவரை காத்திருக்கிறார். தரவரிசையில் மேலே இருப்பவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்து அவர் விட்டுப்போகும் பல் மருத்துவ இடம் அடுத்த சுற்றில் கீழே இறங்கி வர வேண்டும், அதற்கடுத்து இன்னொன்று இறங்க வேண்டும். இடம் வருமா வராதா என்று தெரியாத நிலையில் புத்தகத்தைத் திறப்பதா, கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் தேடுவதா? இந்த இழுபறியிலேயே நாலைந்து மாதம் கரைகிறது. கடைசிச் சுற்றும் கைவிட்ட பிறகு மறுபடி படிக்கலாம் என்று முடிவெடுத்தால், அடுத்த மே மாதத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கும்.

இதில் கொடுமை, அந்தக் கடைசிச் சுற்றுக்குப் பிறகும் இடங்கள் காலியாகக் கிடப்பதுதான். 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் நிரம்பவில்லை. தகுதிப் பெர்சென்டைலைப் பத்து குறைத்து அவற்றை நிரப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி. சேர்க்கைக்குக் கொடுத்த அவகாசம் பத்து நாள். அதற்குள் எத்தனையோ பேர் வேறு படிப்பில் சேர்ந்து பணம் கட்டியிருந்தார்கள், அல்லது அடுத்த தேர்வுக்குப் பாதிப் பாடத்தை முடித்திருந்தார்கள். தகுதியைக் குறைப்பது சரியா தவறா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. குறைப்பதானால் முதல் சுற்றுக்கு முன்பே சொல்லுங்கள் என்பதில் யாருக்கும் வேறுபாடில்லை. நாங்கள் கேட்பது: தேர்வு முடிவு வெளியாகும் நாளிலேயே எல்லாச் சுற்றுகளின் தேதியும், காலியிடங்கள் மிஞ்சினால் என்ன செய்யப்படும் என்பதும் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். பி.டி.எஸ். சேர்க்கை முழுவதும் செப்டம்பர் இறுதிக்குள் முடிய வேண்டும். அப்படி முடிந்தால், இடம் கிடைக்காதவர்கள் அக்டோபர் முதல் நாளே தெளிவோடு படிக்க உட்காரலாம்.

பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் 2019 முதல் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் நடக்கிறது, எழுதியவற்றில் சிறந்த மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நீட்டையும் ஆண்டுக்கு இருமுறை நடத்துவதாக 2018 ஜூலையில் மத்திய அரசு அறிவித்து, அடுத்த மாதமே பின்வாங்கியது. ஒரே ஒரு பிற்பகலின் காய்ச்சலோ, மாதவிடாய் வலியோ, வீட்டில் நேர்ந்த ஒரு சாவோ ஒரு பிள்ளையின் ஓராண்டை விழுங்குவது நியாயமில்லை. இரண்டாம் வாய்ப்பு ஒன்று அதே ஆண்டில் வேண்டும். இரு வினாத்தாள்களின் மதிப்பெண்ணைச் சமன்செய்யும் முறையை விண்ணப்பம் தொடங்கும் முன்பே எளிய மொழியில், எடுத்துக்காட்டோடு வெளியிட வேண்டும். அதோடு, ஓர் ஆண்டு எடுத்த மதிப்பெண் இந்தியச் சேர்க்கைக்கு அடுத்த ஆண்டும் செல்ல வேண்டும்.

எங்கள் இலக்கு நிலையாக நிற்பதில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 2022-இல் 117, 2023-இல் 137, 2024-இல் 162, 2025-இல் 144. தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. ஆனாலும் போன ஆண்டின் அளவை வைத்து இந்த ஆண்டு படிக்கிறவர் எந்தத் தரையில் நிற்கிறார் என்பதை இந்த எண்கள் சொல்லும். 2024-இல் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதாக முதலில் அறிவிப்பு வந்தது. 1,563 பேருக்குத் தந்த கருணை மதிப்பெண் திரும்பப் பெறப்பட்டு அவர்களுக்கு மறுதேர்வு வைக்கப்பட்டது. வினாத்தாள் கசிவு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025-இல் ஆவடியில் ஒரு மையத்தில் மழையால் மின்சாரம் போய், மறுதேர்வு கேட்டவர்களின் வழக்கு தள்ளுபடியானது. இப்படி ஒவ்வொன்றும் நடக்கும்போது முதல் முறை எழுதுகிறவருக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று மனத்தில் இருக்கும். எங்களுக்கு இதுதான் அந்த அடுத்த ஆண்டு. எனவே மையத்தில் மின்சாரம், கடிகாரம், சரியான வினாத்தாள் ஆகியவற்றுக்குத் தேசியத் தேர்வு முகமை பொறுப்பேற்க வேண்டும். இழந்த நேரம் அங்கேயே, அப்போதே ஈடுசெய்யப்பட வேண்டும். விடைக்குறிப்பில் ஒரு வினாவை மறுத்து முறையிட 200 ரூபாய் கட்டுகிறோம். முறையீடு சரியென்று ஏற்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வர வேண்டும். பிழை அவர்களுடையது, அபராதம் எங்களுடையது என்பதை ஏற்க மாட்டோம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சொல். 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிழைபட்ட வினாவைப் படித்துக் குழம்பிய பிள்ளைகளுக்குக் கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதி இன்றும் இருக்கிறது. தமிழில் தேர்வு எழுதலாம் என்று அனுமதித்துவிட்டுத் தமிழில் வந்த பிழைக்குப் பொறுப்பில்லை என்பது என்ன நியாயம்? பிழை நிறுவப்பட்டால் அந்த மொழியில் எழுதிய அனைவருக்கும் அந்த வினாவுக்குரிய நான்கு மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் இருக்க வேண்டும். நீட் கேட்பது பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களின் வரிகளை. மாநிலப் பாடநூலில் இல்லாத பகுதிகளையும் வேறு கலைச்சொல்லால் வழங்கும் பகுதிகளையும் ஒன்றுசேர்த்து, தமிழில் ஓர் இணைப்பு நூலைப் பாடநூல் கழகம் அடக்க விலையில் கொண்டுவர வேண்டும்.

இனி, படிப்பதைப் பற்றி. மறுமுறை படிப்பதில் நேரும் பெரிய விரயம், தெரிந்ததையே திரும்பப் படிப்பது. தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடம். அதில் 90 உயிரியல். ஏற்கெனவே ஓரளவு நன்றாக வரும் உயிரியலை மறுபடி மறுபடி அடிக்கோடிட்டுப் படிப்பது மனத்துக்கு இதம். இயற்பியல் கணக்குகள் அப்படியே ஒதுங்கிக் கிடக்கும். முந்தைய தேர்வின் வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். நகலையும் எதிரே வைத்துக்கொண்டு, எந்த வினா தெரியாமல் போனது, எது தெரிந்தும் அவசரத்தில் தவறியது, எது குருட்டாம்போக்கில் குறித்து ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பறித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதைச் செய்வது கடினம், தோற்ற தாளைத் திறக்கவே மனம் வராது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்தால் இரண்டு அமர்வில் முடியும். எனவே ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள், அரசுப் பள்ளிப் பாட ஆசிரியர்களைக் கொண்டு இந்தத் தாள் ஆய்வு நடக்க வேண்டும். மறுபடி எழுதுவது பயன்தருமா, வேறு படிப்பு பொருந்துமா என்பதையும் அங்கேயே ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் மறுபடி எழுதியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

அரசின் இலவசப் பயிற்சி பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கட்டும். பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, உண்மையான ஓ.எம்.ஆர். தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதந்தோறும் மாதிரித் தேர்வு வேண்டும். மாவட்ட மைய நூலகங்களில் இரவு ஒன்பது வரை ஓர் அறை வேண்டும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் பாதியாவது அரூருக்கும் அறந்தாங்கிக்கும் கிடைக்கட்டும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்பதும் பெரும் பேறு. ஆனால் அந்த வாசலை எட்டுவதற்கு இடையிலுள்ள ஓராண்டின் செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதைப் போல, தெற்கிலும் மேற்கிலும் அரசுக் கல்லூரிகள் வர வேண்டும்.

தனியார் பயிற்சி மையங்களுக்கும் சொல்கிறோம். ரிப்பீட்டர் பேட்ச் என்று சேர்த்துக்கொண்டு, முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களைப் பின்வரிசைப் பிரிவுக்குத் தள்ளி, நல்ல ஆசிரியரை முன்வரிசைக்கு மட்டும் அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாடு அதைச் சட்டமாக்க வேண்டும், விடுதிக் கட்டணமும் அதில் அடங்க வேண்டும். பயிற்சிக் கட்டணத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மத்திய அரசு நீக்க வேண்டும்.

நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவை 2017 செப்டம்பரில் இழந்தோம். அதன்பின்னும் இழந்துகொண்டே இருக்கிறோம். முடிவு வரும் வாரத்தில் மட்டும் ஆலோசனை எண்களை விளம்பரம் செய்தால் போதாது. மறுமுறை எழுதுகிறவரின் மோசமான நாள்கள் நவம்பரிலும் பிப்ரவரியிலும் வருகின்றன, கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படங்களை அனுப்பும்போது வருகின்றன. பதிவேட்டில் பெயர் இருந்தால், மாதம் ஒருமுறை பள்ளியின் ஆலோசகர் அழைத்துப் பேச முடியும். 104, 14416 ஆகிய ஆலோசனை எண்கள் மாதிரித் தேர்வின் ஒவ்வொரு வினாத்தாளிலும் அச்சிடப்பட வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சொந்தக்காரர்கள் முன்னால் "இந்த வருஷமாவது வாங்கிடுவா" என்று சொல்லாதீர்கள்.

இந்தச் சாசனத்தைப் பெறும் ஒவ்வொரு துறையும் எந்தக் கோரிக்கையை ஏற்கிறது, எதை மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்பதை அடுத்த நீட் விண்ணப்பம் தொடங்கும் முன் எழுத்தில், தமிழில், பொதுவில் வெளியிட வேண்டும். பதிவேடும் பஸ் பாஸும் தாள் ஆய்வும் மாநில அரசு தன் ஆணையாலேயே செய்யக்கூடியவை. அவற்றுக்கு டெல்லியின் ஒப்புதல் தேவையில்லை. அவை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.