குப்பைக்கு இடம் எங்கே?

இருட்டிலே நீலமாக ஒளி வீசியது அந்தத் தூள். உற்றாரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துக் காட்டினர். மேனியிலே பூசி மகிழ்ந்தோரும் உண்டு. அழகல்ல அது, நஞ்சு!

பிரேசில் நாட்டுக் கோயானியா நகரம். 1987 ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தந்த மருத்துவ நிலையம் வேறிடம் போயிற்று. கருவி மட்டும் பாழடைந்த கட்டிடத்திலே கேட்பாரற்றுக் கிடந்தது. பழைய உலோகம் பொறுக்கிப் பிழைக்கும் இருவர் அதைக் கழற்றிக் காயலான் கடையிலே விற்றனர். உள்ளே இருந்தது சீசியம்-137 கலந்த உப்பு. எடை 93 கிராம்!

நால்வர் மாண்டனர். ஒருத்தி, ஆறு வயதுச் சிறுமி. இருவர், கடையிலே கூலிக்கு உழைத்த இளைஞர்கள். நான்காமவர், கடைக்காரரின் மனைவி. வீட்டார் நோயுறக் கண்டு ஐயுற்று, எஞ்சியதைப் பையிலிட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்திலே கொண்டுபோய் வைத்தவர் அவர்தான். ஆபத்தை உணர்ந்து சொன்னவர் அதிகாரியல்ல, அந்த அம்மையார்!

ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சோதிக்கப்பட்டனர். 249 பேரிடம் மாசு காணப்பட்டது. ஏழு வீடுகள் இடிக்கப்பட்டன. மண்ணை வாரினர், தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளினர். சேர்ந்த குப்பை 3,500 கன மீட்டர். 275 லாரிச் சுமைக்கும் மேல்!

கைப்பிடித் தூளுக்கு இத்தனை லாரியா என்று திகைக்கிறீர்களா, தோழர்களே? அதனினும் பெரிய திகைப்பு உண்டு. அள்ளியதை எங்கே வைப்பது? யாருக்கும் தெரியாது! முன்கூட்டி இடம் குறிக்கப்படவில்லை. எங்கள் பக்கம் வேண்டாம் என்றனர் மக்கள். முடிவெடுக்கத் தயங்கினர் ஆளவந்தார். இடம் முடிவாகும்வரை பெருந்துப்புரவு காத்துக் கிடந்தது. எவ்வளவு மாசு இருந்தால் அகற்றுவது என்ற வரம்பையும் அச்சத்தின் நெருக்கடியிலே மிகக் கடுமையாக்கினர். குப்பை பெருகிற்று, செலவும் பெருகிற்று. நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ மீட்டரிலே தற்காலிகக் கிடங்கு கிடைத்தது. நிரந்தரக் கிடங்குக்கு ஏறத்தாழப் பத்தாண்டு!

எங்கோ நடந்த கதையென்று எண்ணவேண்டாம். 2010 ஆம் ஆண்டு, டில்லி மாயாபுரி. பல்கலைக்கழகத்திலே பயன்பட்டு ஓய்ந்த கருவி, ஏலத்திலே பழைய இரும்பாகப் போயிற்று. உள்ளே கோபால்ட்-60! காயலான் கடைத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையிலே வாடினர். பட்டம் பெற்றோர் மறந்ததைப் பாட்டாளி சுமந்தான்!

வராத விபத்துக்குச் செலவு ஏன் என்று கேட்போர் உண்டு. தீயணைக்கும் வண்டியைத் தீப்பற்றிய பிறகா வாங்குகிறோம்?

எனவே நாம் கேட்கிறோம்: கழிவை வைக்கும் இடம் எது? அடைக்கும் பீப்பாய்கள் எங்கே? எந்த அளவு மாசுக்கு மண்ணை அகற்றுவது, எந்த அளவுக்குக் கழுவினால் போதும்? அள்ளப்போகும் தொழிலாளிக்கு அளவுக் கருவி உண்டா, காப்புடை உண்டா, பின்னர் நோயுற்றால் கவனிப்பார் உண்டா? விடைகள் இன்றே, மக்களைக் கலந்து, எழுத்திலே இருக்கட்டும்.

சீசியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். அதுவரை அது பொறுத்திருக்கும். விபத்து வந்த பிறகு யோசிக்கலாம் என்று நாம் பொறுத்திருக்கலாகாது!