கார்சியாக்களும் அம்மா பெயரும்

நூலகத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, ஆசிரியர் பட்டியலில் மார்க்வெஸைத் தேடுறேன், 'மா'வில் இல்லையே?" "'கா'வில் பாரும்மா, கார்சியா மார்க்வெஸ்னு இருக்கும்" என்றேன்.

ஸ்பெயினில் மிக அதிகமானோருக்கு உள்ள குடும்பப் பெயர் கார்சியா. 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் கார்சியா லோர்கா, 1982இல் நோபல் பெற்ற கொலம்பியர் கார்சியா மார்க்வெஸ் இருவருக்கும் கார்சியா அப்பா வழிப் பெயர். லோர்கா, மார்க்வெஸ் என்பவை அம்மா வழிப் பெயர்கள். ஸ்பானிய வழக்கில் இரண்டும் உண்டு, அப்பாவுடையது முதலில்.

"அம்மாவுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்!" என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். ஊரெல்லாம் கார்சியா இருந்தால் ஆளை அடையாளம் காட்ட இரண்டாவது பெயர் தேவைப்படுகிறது. அம்மா பெயர் நின்றது மரியாதையால் அல்ல, அப்பா பெயர் மலிந்ததால்.

அடுத்த தலைமுறைக்குப் போவதும் முதல் பெயர்தான். மார்க்வெஸின் மகன், திரைப்பட இயக்குநர் ரோட்ரிகோவின் முழுப்பெயர் ரோட்ரிகோ கார்சியா பார்ச்சா. பார்ச்சா அவருடைய அம்மா வழி. பாட்டியின் மார்க்வெஸ் அதில் இல்லை.

பெற்றோர் இருவரும் சம்மதித்தால் அம்மா பெயரை முதலில் வைக்கலாம் என்று ஸ்பெயின் 1999இல் சட்டம் செய்தது. 2017 முதல் அப்பா பெயருக்குத் தானாகக் கிடைத்துவந்த முன்னுரிமையும் போனது. மரியாதை என்று நான் இப்போது சொல்வது இதைத்தான். மகன் புகழ்பெற்றால்தான் அம்மா பெயர் நிலைக்கும் என்றால், புகழ்பெறாத பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன பாவம் செய்தார்கள்?

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.