பெண் மூலம் நிர்மூலமா?

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" - தமிழ்நாட்டில் கல்யாணத் தரகர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோருக்கும் மனப்பாடமான வரி இது. பெண்ணின் படிப்பு, வேலை, குணம் எல்லாம் பிடித்துப் போன பிறகு ஜாதகத்தைப் பிரிக்கிறார்கள். நட்சத்திரம் மூலம் என்று இருக்கிறது. அவ்வளவுதான்! "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று போகிறவர்கள் திரும்ப வருவதில்லை. மூலத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமனார் உயிருக்கு ஆகாதாம்.

இதற்குச் சொல்லப்படும் மாற்று வழி இன்னும் கொடுமை. "மாமனார் இல்லாத இடமாகப் பாருங்கள்" என்கிறார்கள். அதாவது, ஏற்கெனவே தந்தையை இழந்த மாப்பிள்ளையாகத் தேட வேண்டும். ஒரு வீட்டின் துக்கம் இன்னொரு வீட்டுக்குத் தகுதியாகிவிடுகிறது!

சரி, இத்தனை குடும்பங்களை மிரட்டும் இந்த மூலம் என்பது என்ன? வானத்தில் அது எங்கே இருக்கிறது?

ஜூலை மாதம் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று தெற்கே பாருங்கள். கொக்கி போல வளைந்த ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதுதான் விருச்சிகம், தேள். அதன் நடுவில் சிவப்பாக மின்னுவது கேட்டை (அன்டாரஸ்). சூரியனைப் போல சுமார் 700 மடங்கு விட்டம் கொண்ட ராட்சத நட்சத்திரம் அது. தேளின் வால் நுனியில், கொடுக்கு இருக்கும் இடத்தில் உள்ள நட்சத்திரங்கள்தான் மூலம். அதில் பிரகாசமானது ஷௌலா. அதன் ஒளி பூமிக்கு வந்து சேர 500 வருடங்களுக்கும் மேல் ஆகிறது. இன்று கண்ணில் படும் வெளிச்சம் புறப்பட்டபோது, மாமனாரும் பிறக்கவில்லை, அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரும் பிறக்கவில்லை.

இனிதான் வேடிக்கை. மூலம் வானத்தில் தேளின் வாலில் இருக்கிறது. ஆனால் ஜாதகத்தில் மூலம் எந்த ராசி? தனுசு! காரணம் எளிது. ராசி என்பது நட்சத்திரக் கூட்டம் அல்ல. சூரியப் பாதையை 30 டிகிரி வீதம் 12 சம துண்டுகளாக வெட்டிய கணக்கு. பாபிலோனில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவாகி, கிரேக்கர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தேளின் உடம்பு விருச்சிகத்திலும் வால் தனுசிலும் போய்விட்டது.

இன்னொன்று. மூல நட்சத்திரத்தில் பிறந்தவள் என்றால், அவள் பிறந்தபோது சந்திரன் மூலத்தோடு இருந்தது என்றுதானே அர்த்தம்? அதுவும் இல்லை. சந்திரன் சூரியப் பாதையிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ ஏறக்குறைய 5 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. ஷௌலாவோ அந்தப் பாதைக்குத் தெற்கே 13 டிகிரிக்கும் மேல் தள்ளி இருக்கிறது. எவ்வளவு நெருங்கினாலும் இரண்டுக்கும் நடுவே 16 முழு நிலவுகளை வரிசையாக அடுக்கலாம். தேளின் கொடுக்குப் பக்கமே போகாத சந்திரனை வைத்து, பெண்ணுக்குக் கொடுக்கு முளைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

விருச்சிகம் என்ற பெயரிலேயே மூன்று கணக்குகள் இருக்கின்றன. மேல்நாட்டு ஜோதிடத்தில் சூரியன் அங்கே இருப்பது அக்டோபர் 23 வாக்கில் தொடங்கி ஒரு மாதம். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் கார்த்திகை மாதம், அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகச் சுழல்வதால், வானத்தின் கணக்கு 72 வருடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. இவர்கள் இருவருக்கும் இடையே இன்று சுமார் 24 டிகிரி வித்தியாசம். மூன்றாவது, சர்வதேச வானியல் சங்கம் 1930இல் வெளியிட்ட எல்லைகள். அதன்படி சூரியன் தேளுக்குள் இருப்பது நவம்பர் கடைசியில் சுமார் ஒரு வாரம் மட்டுமே! அதன் பிறகு 18 நாட்கள், பன்னிரண்டு ராசியிலும் சேராத ஓபியூகஸ் என்ற கூட்டத்தில் இருக்கிறது. எந்த விருச்சிகம் மனிதர்களை ஆட்டுவிக்கிறது என்று ஜோதிடர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும்.

வானத்தை விடுங்கள், மண்ணுக்கு வருவோம். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்கள் சுமார் 3.60 கோடி. நட்சத்திரங்கள் 27. சந்திரன் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கிறது. அப்படியானால் மூலத்தில் பிறந்த பெண்கள் சுமார் 13 லட்சம் பேர். இவர்களில் ஜாதகமே எழுதாத குடும்பங்களில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வீடுகளில் மாமனார்கள் கொத்துக் கொத்தாக இறந்து போனார்களா என்ன?

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் உணர்ச்சியை வைத்து வியாபாரம் செய்வதில்லை. யார் எப்போது இறப்பார்கள் என்ற கணக்குதான் அவர்கள் முதலீடு. விண்ணப்பத்தில் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் எல்லாம் கேட்கிறார்கள். "உங்கள் மருமகளின் நட்சத்திரம் என்ன?" என்று ஒரு கேள்வி கிடையாது. மூலத்துக்கு உண்மையிலேயே அந்தச் சக்தி இருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஜோதிடர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். பழமொழி திரிந்துவிட்டதாம். "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்பதுதான் சரியாம். மிக்க மகிழ்ச்சி! அப்படியானால் பொருத்தம் பார்க்க வருகிறவர்களிடம் "மூலத்துக்குத் தோஷமில்லை, தைரியமாகச் செய்யுங்கள்" என்று எல்லா ஜோதிடரும் ஒரே குரலில் சொல்ல வேண்டியதுதானே? மேடையில் ஒரு பேச்சு, பாய் விரித்து உட்கார்ந்ததும் "முதல் பாதமா, இரண்டாம் பாதமா, பரிகாரம் செய்துவிடலாம்" என்று வேறு பேச்சு. பயம் இருக்கும் வரைதான் பரிகாரம் விற்கும்.

"நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் பெண்ணுக்கு. வயது ஏற ஏற வரன் குறைகிறது, வரதட்சணை கூடுகிறது. நட்சத்திரம் பேரம் பேசும் கருவியாகிறது. பயந்த பெற்றோர் பிறந்த நேரத்தை மாற்றி ஜாதகம் எழுதி, பொய்யில் ஒரு குடும்பத்தைத் தொடங்குகிறார்கள். கல்யாணமான பிறகு மாமனாருக்கு அறுபத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்தாலும், விரல் நீளுவது அவள் பக்கம்தான்.

நம்பிக்கையின் கணக்கிலாவது இது நிற்கிறதா? நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாகனம் செய்வது மூல நட்சத்திரத்தில். பூஜை அறையில் மூலம் படிப்பைக் கொடுக்கிறது, கூடத்தில் அதே மூலம் ஆளைக் கொல்கிறதா?

நட்சத்திரக் கணக்கின்படி மூலம் இருக்கும் அதே திசையில்தான் பால்வெளி மண்டலத்தின் மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை அங்கே உள்ளது. அதற்கு ஆதாரம் கண்டதற்காக 2020இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் ஆண்ட்ரியா கெஸ் என்ற பெண். அந்தத் திசையை வருடக்கணக்காக அவர் உற்றுப் பார்த்ததில் அழிந்தது அறியாமைதான்.

இந்த வழக்கத்தை நிறுத்தச் சட்டமோ போராட்டமோ தேவையில்லை. எல்லாம் யார் உயிரைக் காப்பாற்ற என்று சொல்லி நடக்கிறதோ, அந்த மாப்பிள்ளையின் தகப்பனார் வாயைத் திறந்தால் போதும். "என் உயிரைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைத் தட்டிக் கழிக்காதீர்கள்" என்று அவர் சொல்லட்டும். தேள் தன் பாட்டுக்கு வானத்தில் இருக்கட்டும்!