வரலாற்றை அழித்தா இடம் தேடுவது?

அண்மையில் கிளிநொச்சி சென்றிருந்தேன். கணினி பயிலும் மருமகன் முறையான இளைஞன் ஒருவன் தன் மடிக்கணினியைக் காட்டினான். "மாமா, டிஸ்க் நிரம்பிட்டுது. இந்தக் கிட் ஃபோல்டர்தான் கூட இடம் பிடிக்குது. அழிச்சு விடட்டே?"

நால்வர் சேர்ந்து ஓராண்டாக எழுதிய நிரலின் வரலாறு முழுவதும் அதற்குள் இருந்தது. எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. இணையத்திலும் பிரதி வைத்திருக்கவில்லை. "தொடாதே" என்றேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய கிட், வழமையாக ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றையும் வைக்கிறது. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆயினும் எழுத்துக் கோப்புகளின் வரலாறு மலிவானது. ஒத்த பதிப்புகளுக்கிடையிலான வேறுபாட்டைச் சுருக்கி அடுக்குவதால் பல்லாண்டு உழைப்பும் சிறிய இடத்தில் அடங்கிவிடும். இடத்தை விழுங்குபவை காணொளி, ஒளிப்படம், ஜிப் போன்றவையே. அவற்றில் சிறிது மாற்றினாலும் பெரும்பாலும் இன்னொரு முழுப் பிரதி சேரும். பின்னர் அந்தக் கோப்பை நீக்கினாலும் பழைய பதிப்பு வரலாற்றில் தங்கிவிடும்.

அவனோ மூன்று கிளைகளுக்காக ஒரே திட்டத்தை மூன்று முறை பிரதியெடுத்திருந்தான். எல்லா மாற்றங்களையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து, வெளியிலும் ஒரு பிரதி வைத்த பின்னரே மற்ற இரண்டையும் நீக்கினோம். 'வொர்க்ட்ரீ' வசதி இருந்தால் ஒரு களஞ்சியமே மூன்று கிளைகளுக்கும் போதும். வெறுமனே பார்ப்பதற்காகப் பிறர் நிரலை இறக்குவோர் 'டெப்த் 1' என்று குறிப்பிட்டால் கடைசிப் பதிப்பு மட்டும் வரும். மீண்டும் இறக்கக்கூடிய நிரலகங்களைக் 'கிட் இக்னோர்' பட்டியலில் இட்டால் அவை களஞ்சியத்துள் நுழையமாட்டா. வேலை முடிந்ததும் அவற்றை அழித்தும் விடலாம்.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, சுமையைக் குறைக்க எதையெதை விடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் முடிவெடுக்க நேர்ந்தது. சட்டி பானையை விட்டவர் பின்னர் வேறு வாங்கிக்கொண்டார். குடும்பப் படத்தை விட்டவருக்கு அது திரும்பவில்லை. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த பத்திரிகை நறுக்குகளை ஒரு வீட்டில் விட்டுவந்தவன் நான்.

மீண்டும் பெறக்கூடியதை விடலாம். பெற முடியாததைச் சுமந்தே ஆக வேண்டும். கிட் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே இதையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.