ஃப்ளோரிடாவில் மலிவு என்றால், ஏன் மலிவு?

“ஃப்ளோரிடாவிலே பாதி விலைக்குக் கிடைக்குது சார்!”

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் கோவில் கேன்டீனில் தோசை வரும்வரை போனில் படங்களாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். 28 அடி கேபின் க்ரூசர். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, சின்ன அடுப்பு, கழிவறை. வெள்ளை வெளேரென்று பளபளப்பு. பின்னணியில் தென்னை மரம் வேறு. நம் ஊரில் முழங்கால் அளவு பனி கிடக்கும் பிப்ரவரி மாதத்தில் தென்னை மரத்தைக் காட்டினால் எந்தத் தமிழன்தான் மயங்க மாட்டான்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மிச்சிகனில் இருந்துகொண்டு, கண்ணால் பார்க்காமல், ஃப்ளோரிடாவிலிருந்து பழைய படகு வாங்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. கோபம் வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம்மில் பாதிப் பேர் கார் கம்பெனிகளில் முப்பது வருஷம் தேய்ந்தவர்கள். பழைய கார் ஒன்றைப் பக்கத்துத் தெருவில் வாங்குவதற்கே குனிந்து அடியில் டார்ச் அடிப்போம். அதே ஆள் ரிடையர் ஆகி, கையில் மொத்தமாகப் பணம் வந்ததும், 1,300 மைலுக்கு அப்பால் இருக்கும் படகுக்கு இருபது போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறார். எங்கள் தாத்தா மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தரகரின் துண்டுக்குள் கையை விடுவார். தாத்தா ஐந்தாவது வரை படித்தவர். பேரப்பிள்ளைகள் நாம் எம்.எஸ்., பி.எச்டி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் எதிரி உப்பு. இந்த ரகப் படகுகளில் பல, எஞ்சினைக் குளிரவைக்க வெளித் தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளுகின்றன. கடலில் ஓடினால் அது உப்புத் தண்ணீர். வார்ப்பிரும்பில் செய்த மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அரிக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும். நீருக்கும் புகைக்கும் நடுவே உள்ள சுவர் ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும், எஞ்சின் காலி. கடலில் ஓடும் படகுக்கு இந்தப் பாகங்களை ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம் ஏரித் தண்ணீரில் அவை இருபது வருஷம் தாங்குவதும் உண்டு. அங்கே பன்னிரண்டு மாதமும் ஓட்டுவார்கள், இங்கே நாம் ஓட்டுவது ஐந்து மாதம். அப்படியானால் ஒரே வயதுடைய இரண்டு படகில் எது கிழடு?

அமெரிக்காவில் படகுக்காரர்கள் விளம்பரத்தில் ‘நன்னீரில் மட்டுமே ஓடியது’ என்று பெருமையாகப் போட்டு, அதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அப்படிப்பட்ட படகுகள் குவிந்து கிடப்பது எங்கே? நம் வாசலில். செயின்ட் கிளேர் ஏரிக்கரையோரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பாருங்கள். கிரிஸ்-கிராஃப்ட் கம்பெனி பிறந்ததே இந்தக் கரையில், அல்கோனாக்கில்தான். கங்கைக்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு காசு கொடுத்துக் கிணற்றுத் தண்ணீர் வாங்குகிற கதை இது.

உப்பாவது போகட்டும், பாகத்தை மாற்றிவிடலாம். அடுத்தது புயல். 2022 செப்டம்பர் 28ஆம் தேதி ‘இயன்’ புயல் தென்மேற்கு ஃப்ளோரிடாவில் கரையேறியது. ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெருவில் ஏறிக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட படகுகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏலம் விடும். ஏலத்தில் எடுத்தவர் காயவைத்து, பாலிஷ் போட்டு, மெத்தைக்குப் புது உறை தைத்து, போட்டோ எடுப்பார். பின்னணியில் தென்னை மரம்.

கார் என்றால் ‘சால்வேஜ்’ முத்திரை டைட்டிலில் ஏறும், நாடு முழுவதற்கும் பொதுவான தகவல் தொகுப்பு இருக்கிறது. படகுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அடிபட்ட படகு என்று டைட்டிலில் முத்திரை குத்தும் சட்டம் சில மாநிலங்களில் உண்டு, பல மாநிலங்களில் இல்லை. சட்டம் இல்லாத மாநிலம் ஒன்றின் வழியாகப் படகைச் சுற்றிக் கொண்டுவந்தால் கங்கா ஸ்நானம் செய்த மாதிரி பாவமெல்லாம் போய்விடும். இது புரோக்கர்களுக்குத் தெரியும், சட்டசபைக்காரர்களுக்கும் தெரியும். கார் வாங்குகிறவனுக்குக் கொடுக்கும் பாதுகாப்பைப் படகு வாங்குகிறவனுக்குக் கொடுக்க இத்தனை வருஷமாக இவர்களுக்கு மனம் வரவில்லை. படகு வைத்திருப்பவன் பணக்காரன்தானே, ஏமாந்தால் ஏமாறட்டும் என்ற எண்ணம்.

என் நண்பர் ஒருவர் பணக்காரர் இல்லை. பெயர் வேண்டாம். 34,000 டாலருக்குத் தெற்கிலிருந்து ஒன்றை வரவழைத்தார். பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹியூரான் ஏரியில் ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்பது அவருடைய பத்து வருஷ ஆசை. படகு வந்து இறங்கியபின் என்னைக் கூப்பிட்டார். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒயர்க் கட்டை விலக்கினேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நேர்கோடாகச் சேற்றுக் கறை. அதற்குக் கீழே இருந்த ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி என்னிடம், “அண்ணா, இதைத் துடைச்சா போயிடாதா?” என்று கேட்டார்.

விற்ற புரோக்கர் போனை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் ‘இருக்கிற நிலையிலேயே’ என்று தெளிவாக எழுதியிருந்தது. படகு இன்றும் யார்டில் ஸ்டாண்டின்மேல் நிற்கிறது, மாத வாடகையோடு. அந்தக் குடும்பம் ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை. ஏறாமல் இருந்ததே நல்லது என்பேன். பெட்ரோல் எஞ்சின் மூடிய அறைக்குள் இருக்கிற வண்டி அது. அரித்த பெட்ரோல் டேங்கும் பச்சை பூத்த ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று இஞ்சினியர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

“சர்வேயரை வைத்துப் பார்த்தோமே” என்பார்கள் சிலர். யார் வைத்த சர்வேயர்? புரோக்கர் சிபாரிசு செய்த ஆளா? பெண் வீட்டுப் புரோகிதரிடமே பெண்ணைப் பற்றி விசாரிப்பீர்களா? இந்த நாட்டில் முடிவெட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும். படகு சர்வேயர் என்று போர்டு மாட்டிக்கொள்ள எந்த லைசென்ஸும் வேண்டாம். சாம்ஸ், நாம்ஸ் என்று இரண்டு சங்கங்கள் இருக்கின்றன, அவற்றின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீங்களே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கு இருபது முப்பது டாலர் கேட்பார். தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்டுவதற்குத் தனிச் செலவு, எஞ்சினைச் சோதிக்க மெக்கானிக் தனி. அவர் சின்னச் சுத்தியலால் படகின் அடியைத் தட்டிக்கொண்டே போவார், தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல. சத்தம் மந்தமானால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் செலவை ‘தண்டம்’ என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். 34,000 டாலருக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு தண்டமா?

கொண்டுவரும் செலவையும் சொல்லிவிடுகிறேன். 8 அடி 6 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் ரோட்டில் கொண்டுபோகத் தனி பெர்மிட் வேண்டும். 28 அடிப் படகு பெரும்பாலும் அதைத் தாண்டும். ஐ-75இல் வந்தால் ஃப்ளோரிடா, ஜார்ஜியா, டென்னசி, கென்டக்கி, ஒஹாயோ, மிச்சிகன் என்று ஆறு மாநிலத்துக்கும் ஆறு பெர்மிட். வந்து சேர்ந்ததும் மிச்சிகன் 6 சதவீத வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பழைய சொந்தக்காரர் யார்டுக்கோ டீசல்காரருக்கோ பாக்கி வைத்திருந்தால், அந்தக் கடன் ஆளோடு போகாது, படகோடு வரும். கடல் சட்டம் அப்படி. கோஸ்ட் கார்டில் பதிவான படகென்றால் வில்லங்கப் பதிவு கேட்டு வாங்கலாம், ஆனால் எல்லாக் கடனும் அதில் ஏறியிருக்கும் என்று சொல்லமுடியாது. நிலம் வாங்கினால் முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கும் நாம் இதில் ஏன் இத்தனை தாராளம்?

நம் ஊர்ப் படகெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலுள்ள தண்ணீரைச் சரியாக வடிக்காமல் விட்டால் உறைந்து பிளாக்கே வெடித்துவிடும். வெடித்த இடத்தில் பூசி மறைத்து விற்கிற மகானுபாவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அரை மணி தூரத்தில் இருக்கிறார்கள். ஒருமுறைக்கு நாலுமுறை போய்ப் பார்க்கலாம். பக்கத்து ஸ்லிப்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம், அவர் விற்கிறவரைப் பற்றிச் சொல்லாததையெல்லாம் சொல்லுவார்.

வாங்குகிறவர்கள் செப்டம்பரில் போங்கள். குளிர்கால வாடகை கட்ட மனமில்லாதவர்கள் விலையைக் குறைக்கிற சமயம் அது. படகு தண்ணீரில் இருக்கும், முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பிப்ரவரியில் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி நிற்கிற படகுதான் பிடித்திருக்கிறது என்றால், வசந்தத்தில் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்தபிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தோசையைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், அடுத்த வாரம் வேறு படகு வரும்.