தோலைக் காட்டிக் கல்லீரலை விற்காதீர்கள்

ஆய்வகத்தில் தோல் வளர்த்தாயிற்று. கல்லீரலோ வெட்டினாலும் வளரும் உறுப்பு. ஆகவே ஆய்வகக் கல்லீரல் இதோ வந்துவிடும், உறுப்பு தானப் பிரசாரத்தை மூட்டை கட்டலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அதுவரை ஸ்டெம் செல் ஊசி நோயாளியைத் தாங்கிப் பிடிக்குமாம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, அத்தைக்கு மீசை முளைக்கும் கதை. நான்காவது ஆபத்து.

தோலில் நடந்தது சாதனைதான், யார் மறுத்தார்? 1975-இல் ரைன்வால்டும் கிரீனும் மனிதத் தோலின் செல்களைத் தட்டில் பெருக்கிக் காட்டினார்கள். உடம்பெல்லாம் வெந்துபோனவர்கள் அந்த வழியில் பிழைத்திருக்கிறார்கள். பிறவித் தோல் நோயால் சாகக் கிடந்த 7 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, மரபணுவைத் திருத்திய அவனுடைய செல்களிலிருந்தே வளர்த்து, மேல்தோலில் 80 சதவீதத்தை ஜெர்மனியின் போஹும் நகரில் போர்த்தினார்கள். 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. கட்டுரையாளர் இதையெல்லாம் வாய் பிளந்து வியக்கிறார். ஏன் முடிந்தது என்று மட்டும் கேட்கவில்லை. மேல்தோலுக்குச் சொந்தமாக ரத்தக் குழாயே கிடையாது. மெல்லிய ஏடு அது. அடியில் உள்ள திசுவிலிருந்து ஊறி வருவதைக் கொண்டு வாழ்ந்துவிடும். அப்படியும், தீக்காயத்தின் மேல் ஒட்டும் வளர்ப்புத் தோலில் வியர்க்காது, முடி முளைக்காது.

கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதற்கு ரத்தம் இரண்டு வழியில் வர வேண்டும், பித்தம் வேறொரு வழியில் வெளியேற வேண்டும். நுண்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே செல்லுக்கு மூச்சு முட்டும். ஜப்பானின் யோகோஹாமாவில் டகேபே குழு 2013-இல் உருவாக்கிய ‘ஈரல் மொட்டு’ சில மில்லிமீட்டர் அளவுதான். அதைப் பொருத்திப் பார்த்தது சுண்டெலியில். கட்டுரையில் அந்தச் சுண்டெலியைக் காணோம்.

‘வெட்டினாலும் வளரும்’ என்பதற்கு வருவோம். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சம் பெருத்துப் பழைய எடைக்கு வருகிறது என்று ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-இலேயே காட்டினார்கள். ஆரோக்கியமான ஈரலை. உயிரோடு இருப்பவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப முடிவது அதனால்தான். சிரோசிஸ் வந்தவரின் கதை வேறு. ஆண்டுக்கணக்கில் அடிபட்ட ஈரலில் கொலாஜன் தழும்பாகப் படிந்து, ரத்தம் பாயும் பாதைகளையே நெருக்கிவிடுகிறது. செல்களும் பெருகிப் பெருகி ஓய்ந்துபோகின்றன. வளராததால்தானே ஐயா அவர் மாற்று ஈரலுக்குக் காத்திருக்கிறார்!

ஊசியின் லட்சணத்தையும் பார்ப்போம். பிரிட்டனில் சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கிளப்பும் மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு அவர்களுடைய செல்களையே திரட்டித் திரும்பச் செலுத்தவும் செய்தார்கள். ஈரல் தேறவில்லை. தீவிர பக்கவிளைவுகளோ, வழக்கமான சிகிச்சை பெற்ற 26 பேரில் மூவருக்கு. செல் செலுத்தப்பட்ட 28 பேரில் 12 பேருக்கு.

கட்டுரையாளரின் துருப்புச் சீட்டு, 2024-இல் அமெரிக்காவில் லைஜெனிசிஸ் நிறுவனம் தொடங்கிவைத்த மனிதச் சோதனை. நிணநீர் முடிச்சில் ஈரல் செல்களைச் செலுத்தி, அங்கே குட்டி ஈரல்கள் வளர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். நல்ல முயற்சி, ஆவலோடுதான் கவனிக்கிறேன். ஆனால் அந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? தானமாக வந்து, மாற்று அறுவைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட கல்லீரல்களிலிருந்து! தானம் நின்றால் இந்தச் சோதனையும் நிற்கும். உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவித்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, தானம் பழைய காலத்து வழக்கம் என்று எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நேராகவே கேட்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆய்வாகத்தான் நடக்கலாம். ஆய்வுக்கு வருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்கள் சிபாரிசு செய்யும் ஊசி எந்த ஆய்வைச் சேர்ந்தது? பதிவு எண் என்ன? அதற்கு நோயாளி ஏன் பணம் கட்டுகிறார்?